கோகிலா கடையில் பந்தி

அத்தியாயம் 17

போன வாரம் வீரமுத்து போனில் "வரேன்" என்று சொன்னதும் மணிமொழி துள்ளிக் குதித்தாள். பாவம், அவசரப்பட்டுவிட்டாள். அவர் "வரேன்" என்றுதான் சொன்னார், "சம்மதம்" என்று சொல்லவில்லை. அப்பாவோடு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய பெண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா?

கள்ளக்குறிச்சி பக்கத்தில் கார் ஒயர் பின்னுகிற கொரியா கம்பெனியிலிருந்து நான்கு பெண்களைக் கொரியாவில் இருக்கிற பூசானுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வருஷம் பயிற்சி, திரும்பி வந்தால் சூப்பர்வைசர். நான்கு பேரில் மணிமொழியும் ஒருத்தி. கல்யாணமாகாத பெண் என்பதால் அப்பா அல்லது அம்மாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். பூசானிலிருந்து முத்திரை குத்தி வந்த தாள், ஆளுக்கு ஒன்று. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூரியர் போகிறது. மற்ற மூன்று பெண்களின் தாளும் கையெழுத்தாகிக் கவருக்குள் போய்விட்டது.

அம்மா கையெழுத்தே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். போதும்தான். ஆனால் லட்சுமியம்மாள் இருபத்தெட்டு வருஷத்தில் புருஷன் போடாத தாளில் தன் கையெழுத்தைப் போட்டதில்லை.

"பொண்ணப் பெத்தவங்களோட ஒக்காந்து ஒரு வேளை சாப்பிடாம நான் யாரையும் பிளேன் ஏத்த மாட்டேன்" என்று கம்பெனியின் கொரியாக்கார மேனேஜர் ஹான் மேடம் சொல்லிவிட்டார். மற்ற மூன்று வீட்டாரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசி முறை வீரமுத்துவுடையது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை, பைபாஸில் உள்ள கொரியா ஓட்டல்.

அந்த ஓட்டல் யாருடையது என்பதை மட்டும் மணிமொழி அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார் என்று தெரியும். வந்தபின் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தும் யோசிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

---

பன்னிரண்டரைக்கு வீரமுத்துவும் லட்சுமியம்மாளும் தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் நின்ற பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

மறியல். இவர்கள் சாதிக்குக் கொடுத்த பத்தரை சதவீத இட ஒதுக்கீட்டைக் கோர்ட்டு எடுத்துக்கொண்ட பிறகு இந்த ஜில்லாவில் எந்த சனிக்கிழமை எந்த ரோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சியில் கடையடைப்பு வேறு. புரட்டாசி சனிக்கிழமை, காலையிலிருந்து இரண்டு பேர் வயிற்றிலும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. பஸ்ஸுக்குள் இரும்பெல்லாம் சுட்டது.

வீரமுத்து இறங்கி முன்னால் போனார். முன்வரிசையில், நடு ரோட்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் சுபாஷ். அவர் பெற்ற பிள்ளை.

"டேய், எங்கள மட்டுமாச்சும் வுடச் சொல்லுடா. உங்கக்கா காலைலேர்ந்து பத்து போன் பண்ணிட்டா."

"யப்பா, நேத்து ராத்திரி நீ இன்னா சொன்ன? நம்ம சனத்துக்காக ஒரு நாள் ரோட்ல ஒக்காந்தா தப்பில்லன்னு."

"ஒக்காரு, வேணான்னா சொன்னேன்? பஸ்ஸ வுடு."

"உனக்கொரு ஞாயம், ஊருக்கொரு ஞாயமா? ஒரு பஸ்ஸ வுட்டா பின்னால இருக்கற எரநூறு வண்டியும் கேக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வீரமுத்துவுக்குப் பெருமையாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாததால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எஸ்.ஐ. பரிச்சைல ஒன்ற மார்க்குல போச்சுப்பா எனக்கு" என்றான் சுபாஷ், குரலைத் தாழ்த்தி. "பத்தரை இருந்திருந்தா இன்னிக்கு நான் தொப்பி போட்டுக்கினு இதே ரோட்ல நின்னுருப்பேன். அவளுக்கு பூசான். எனக்கு ரோடு. போ, நடந்து போ. ரெண்டு கிலோமீட்டர் தாண்டினா ஆட்டோ கெடைக்கும்."

நடந்தார்கள். லட்சுமியம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், மகளின் மேனேஜரைப் பார்க்கப் போகிறோம் என்று. புடவையின் ஓரம் ரோட்டுப் புழுதியில் பழுப்பாகிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் என்று பிள்ளை சொன்னது நான்காக இருந்தது. ஆட்டோ கிடைத்தபோது மணி இரண்டு. வயல்காட்டுப் பாதையில் சுற்றி, மேற்கே கல்வராயன் மலை தெரிகிற பைபாஸுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டே முக்கால்.

பைபாஸில் டீக்கடை, பஞ்சர் கடை, பரோட்டாக் கடை எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன. ஒரே ஒரு கடையில் மட்டும் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. கம்பெனிக்காரர்கள் புக் செய்த நாள் என்பதால் திறந்திருந்த கடை.

"எப்பா, வந்துட்டீங்களா!" என்று ஓடி வந்த மணிமொழியைத் தாண்டி வீரமுத்து ஷட்டர் பக்கம் போனார். குனிந்து உள்ளே நுழைந்தார்.

கல்லாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அம்மாசி.

வீரமுத்துவின் கரும்புக் கொல்லையில் முப்பது வருஷம் கரும்பு வெட்டிய அம்மாசி. அவர்கள் ஊரான களமருதூரில் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்காலின் அந்தப் பக்கத்து அம்மாசி. வீரமுத்துவைப் பார்த்ததும் அவருடைய உடம்பு தானாக எழுந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது.

"வாங்க ஆண்டே" என்றார்.

"எப்பா, நீ ஒக்காரு" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "அவரு கஸ்டமரு."

குரலுக்குப் பின்னாலேயே கோகிலவாணி வந்தாள். அம்மாசியின் மகள். ஸ்ரீபெரும்புதூரில் கொரியாக்காரர்கள் மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போய், ஒன்பது வருஷத்தில் அவர்கள் சமையலையும் பாஷையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு, கொரோனாவில் மெஸ் மூடியதும் ஊர்ப்பக்கம் வந்து கடை போட்டவள். மணிமொழிக்கு கொரியா பாஷை சொல்லிக் கொடுத்ததும், மேடத்திடம் "இந்தப் பொண்ணப் பாருங்க" என்று பேசியதும் இவள்தான் என்று இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். வீரமுத்துவுக்குத் தெரியாது.

"வாங்க சார். வாங்கம்மா. கை கழுவ தோ அங்க" என்றாள் கோகிலவாணி.

சார்! வீரமுத்துவை அந்த ஊரில் சார் என்று கூப்பிட்டவர்கள் பேங்க்காரர்கள் மட்டும்தான். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை மணிமொழி நன்றாகவே படித்துக்கொண்டாள்.

---

ஹான் மேடம் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி "வணக்கம்" என்றார். இரண்டேகால் மணி நேரம் காத்திருந்த முகத்தில் கோபம் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க மணிமொழிக்குத்தான் அழுகை வந்தது.

தன்னைப் பற்றிய பேச்சை மணிமொழியே மொழிபெயர்த்தால் நன்றாக இருக்காது. அதனால் கோகிலவாணி மேஜைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சொன்னாள். மேடம் ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்தாள். வீரமுத்து தன் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டார். சிமென்ட் தரையில் கால்கள் கிறீச்சிட்டன. எல்லோருக்கும் கேட்டது.

"மேடம் வயசு கேக்கறாங்க" என்றாள் கோகிலவாணி. "தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க ஊர்ல மொதல்ல அதான் கேப்பாங்க. யாரு பெரியவங்கன்னு தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம். மேடத்துக்கு அம்பது."

"அம்பத்தி நாலு" என்றார் வீரமுத்து. பிறகு மனைவியின் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். "அவளுக்கு அம்பத்தி ரெண்டு."

லட்சுமியம்மாள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு வந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் எட்டு வகைத் தொடுகறி. முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், காரம் பூசி ஊறவைத்த முட்டைக்கோஸ். அதற்குப் பின்னால் ஆளுக்கொரு சேலத்துக் கல்சட்டி. சட்டிக்குள் சிவப்புக் குழம்பு தளதளவென்று கொதித்தது. அதில் வெள்ளை வெளேரென்று மிதந்தது சோயாக் கட்டி. கட்டி என்று பேர்தானே தவிர இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும். விடியற்காலையில் சோயாவை ஊறவைத்து அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, காய்ச்சி, மரக்காணத்து உப்பளத்தில் கடைசியாக வடிகிற கசப்புத் தண்ணீரை இரண்டு கரண்டி விட்டுத் திரிய வைத்து எடுப்பாள் கோகிலவாணி. அதன் பேர் சுந்துபு. இந்தச் சட்டிக்காகவே ஒரகடத்திலிருந்து காரில் வருகிற கொரியாக்காரர்கள் உண்டு.

நேரம் போய்க்கொண்டிருந்தது. யாரும் கையை வைக்கவில்லை.

"சாப்புடுங்க சார்" என்றாள் கோகிலவாணி. "அவங்க வழக்கத்துல மேஜையில யாரு பெரியவங்களோ, அவங்க ஸ்பூன எடுத்தாத்தான் மத்தவங்க எடுப்பாங்க. நீங்கதான் பெரியவரு. உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்காங்க."

வீரமுத்து தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்குப் பெருமாள் சனிக்கெழம. நான் கவுச்சி தொட மாட்டேன்."

"தெரியும் சார். நானும் தொட மாட்டேன். கருவாட்டுத் தண்ணி ஊத்தல, முட்ட போடல. மலைக் காளானும் கடல் பாசியும் போட்டுத் தண்ணி எறக்கினேன். அடுப்பு தனி, சட்டி புதுசு."

"சாமிக்குத் தளிகை போடாம நான் சாப்புடறது இல்ல."

"காலைலயே போட்டாச்சு சார். தோ, கல்லாவுக்கு மேல படம். துளசி வாடக்கூட இல்ல."

மணிமொழி மேஜைக்கு அடியில் விரல்களை நெரித்துக்கொண்டாள். அப்பா மூன்றாவதாக ஒன்று கண்டுபிடிப்பார் என்று அவளுக்குத் தெரியும். கண்டுபிடித்தார்.

"நாங்கள்லாம் ஒரு பேச்சு பேச வந்தா, பேச்சு முடியாம கை நனைக்கறது இல்ல. பொண்ணு பாக்கப் போனாக்கூட அப்படித்தான். சாப்புட்டா சம்மதம்னு அர்த்தமாயிடும். மொதல்ல பேசட்டும்."

கோகிலவாணி மேடத்திடம் சொன்னாள். மேடம் கவனமாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்.

"அவங்க ஊர்ல பசியோட இருக்கறவங்ககிட்ட எந்தப் பேச்சும் பேச மாட்டாங்களாம். சாப்புட்டுட்டுத்தான் பேச்சாம்."

அவ்வளவுதான். இவர் பேசாமல் சாப்பிட மாட்டார், அவர் சாப்பிடாமல் பேச மாட்டார். பெரியவர் எடுக்காமல் மற்றவர்கள் எடுக்க மாட்டார்கள். ஐந்து சட்டிகளும் கொதித்துக் கொதித்து அடங்கின. பசியோடு இருந்த ஐந்து பேர், சாப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

கோகிலவாணி சட்டிகளை எடுத்துப்போய் மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். மறுபடி கொதித்தது. மறுபடி அடங்கியது.

"இன்னொரு வாட்டி சுட வச்சா ரப்பராப் போயிடும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

மூன்றரை ஆகிவிட்டது. மேடம் கோகிலவாணியின் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ கேட்டார். அவர் ஏன் சாப்பிடவில்லை, நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று கேட்டார். கோகிலவாணி வீரமுத்துவின் தொடாத சட்டியைப் பார்த்தாள். பிறகு கொரியா பாஷையில் சொன்னாள்: "இல்ல மேடம். அவருக்கு வயிறு சரியில்ல. வெளியில சொல்லக் கூச்சப்படறாரு."

அந்த மேஜையில் அந்தப் பொய் புரிந்தது மணிமொழிக்கு மட்டும்தான். காதெல்லாம் சுட்டது அவளுக்கு. இத்தனை நேரம் அப்பாவின் மேல் இருந்த எரிச்சல் தன் மேலேயே திரும்பியது. இந்தக் கடைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வந்து, கோகிலாவின் சோற்றை இவர் முன்னால் ஆற வைத்து, அந்த அவமானத்தை அவளையே மூடி மறைக்கவும் வைத்துவிட்டோமே.

"எப்பா" என்றாள். "அஞ்சு மணிக்குக் கூரியரு."

"போவட்டும்."

"நாலு பேர்ல மூணு பேர் போவாங்க. நான் மட்டும் இங்க இருப்பேன்."

"இருந்தா இன்னா? இங்க இருக்கறவங்கள்லாம் மனுசங்க இல்லியா? ஓட்டலு யாருதுன்னு சொன்னியா நீ எங்கிட்ட?"

"சொன்னா வந்துருப்பியா?"

"வந்துருக்க மாட்டேன்."

"அப்ப பெருமாள ஏன் இழுத்த நடுவுல?"

கல்லாவில் அம்மாசி இருந்தார். அவருக்கும் கேட்டது. அவர் மறுபடி எழுந்து நின்றுவிட்டார். எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

வீரமுத்து நாற்காலியைத் தள்ளினார். "எந்திரி லட்சுமி. வூட்டுக்குப் போலாம்."

லட்சுமியம்மாள் எழுந்திருக்கவில்லை.

---

"கோகிலா" என்றாள் அவள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான் என்று சொல்லலாம். "அவங்க வழக்கத்துல பெரியவங்கன்னா ஆம்பளயா, வயசா?"

"வயசுதாம்மா."

"பொம்பள பெரியவளா இருந்தா?"

"அவங்கதான் மொதல்ல எடுக்கணும்."

"ஏ, இன்னா பேச்சு இது? எந்திரின்றேன்" என்றார் வீரமுத்து.

"இருங்க." லட்சுமியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அம்பத்தி ரெண்டு இல்ல கோகிலா. அம்பத்தி ஆறு. இவருக்கு ரெண்டு வயசு மூத்தவ நான்."

வீரமுத்து சிரித்தார். "பசில ஒளர்றா."

"ஒளறல. எங்க வூட்ல எனக்கு முன்னால ரெண்டு அக்கா. அவங்களக் கட்டிக் குடுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு இருவத்தெட்டு ஆயிடுச்சு. உங்க வூட்ல இருந்து கேட்டு வந்தாங்க. பையனுக்கு இருவத்தி ஆறுன்னாங்க. எங்கப்பாரு யோசிச்சாரு. என் பள்ளிக்கூடத்து டி.சி.ய எடுத்து அடுப்புல போட்டாரு. பொண்ணுக்கு இருவத்தி நாலுன்னுட்டாரு. அப்பால ரேசன் கார்டு, ஓட்டு கார்டு, ஆதார்னு எல்லாம் அதே மாதிரி வந்துடுச்சி."

கோகிலவாணி மொழிபெயர்க்க மறந்துவிட்டாள்.

"மெய்யாலுமா?" என்றார் வீரமுத்து. குரல் கீழே எங்கேயோ போயிருந்தது.

"பெருமாள் சனிக்கெழம பொய் சொல்லுவனா? ஒருத்தர் சொன்னா போதாதா?"

சொல்லிவிட்டு ஸ்பூனை எடுத்தாள். சட்டியில் விட்டு, வெள்ளையாக ஒரு துண்டு எடுத்து, ஊதி, வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். ருசி பிடித்ததா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு சோற்றை எடுத்துச் சட்டியில் கொட்டினாள், நம் ரசத்துக்குப் பிசைகிற மாதிரி. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தாள்.

ஹான் மேடத்துக்கு எது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பெரியவர் எடுத்துவிட்டார் என்பது புரிந்தது. தலையைத் தாழ்த்திவிட்டு அவரும் ஸ்பூனை எடுத்தார். மணிமொழி எடுத்தாள். கடைசியாகக் கோகிலவாணியும் தன் சட்டியை இழுத்துக்கொண்டாள்.

"ஒறைப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் லட்சுமியம்மாள். "ஆனா நல்லாருக்குது. ஒரு வருசமா எம் பொண்ணு உங்கிட்டதான் சாப்புட்டுக்கினு இருக்கா இல்ல? நல்லா தேறித்தான் இருக்கா. யோவ் அம்மாசி, ஒக்காருய்யா. எத்தினி நேரம் நிப்ப?"

அம்மாசி உட்கார்ந்தார்.

வீரமுத்துவின் சட்டி மட்டும் தொடப்படாமல் இருந்தது. அவர் அதையும் மனைவியின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். பாதி ஷட்டருக்குக் கீழே அவருடைய வேட்டியும் செருப்பும் கொஞ்ச நேரம் தெரிந்தன, அப்புறம் தெரியவில்லை.

மணிமொழி எழுந்தாள்.

"ஒக்காரு" என்றாள் அம்மா. "அந்தத் தாள எடு."

---

தாளில் இரண்டு வரி. தந்தை என்று ஒன்று, தாய் என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த தேதி, கையெழுத்து. ஒரு வரி நிரம்பினால் போதும். ஆதார் நகலை மணிமொழி நேற்றே பின்னால் ஊசி போட்டு வைத்திருந்தாள், இரண்டு பேருடையதையும்.

லட்சுமியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பேனா மூடியைத் திறந்து, இரண்டு தடவை உதறினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுகிறவள். பெயர் எழுதவே நேரமாயிற்று. மணிமொழி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால். கம்பெனிக்குப் போக இருபது நிமிஷம். மேடத்தின் கார் வெளியே நிற்கிறது. ஆகிவிடும், ஆகிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் படித்த பாஷை, தோற்ற பரீட்சை, ஜெயித்த பரீட்சை எல்லாம் அந்தப் பேனா முனையில் வந்து நின்றது.

"இந்தா" என்று தாளை நீட்டினாள் அம்மா. "போய்ட்டு வா. நல்லாரு."

மணிமொழி அம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். சோயா வாசனை அடித்தது. மேடம் கைதட்டினார். கோகிலவாணி தாளை வாங்கிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று.

அவள் சிரிப்பு நின்றது.

"மொழி" என்றாள். "தேதியப் பாரு."

1966 என்று எழுதியிருந்தாள் லட்சுமியம்மாள். கொட்டை கொட்டையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். பின்னால் ஊசி போட்ட ஆதார் நகலில் 1970.

"எம்மா! ஆதார்ல இருக்கறதத்தான போடணும்?"

"அது பொய்யில்ல?"

"பொய்தான்! ஆனா அதத்தான் போடணும்!"

"இப்பத்தான எல்லார் எதிர்லயும் மெய்யச் சொன்னேன். மறுபடி பொய்ய எழுதுவனா?"

மணிமொழி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துத் திருத்தினால் தாள் செல்லாது என்று மேலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது. வேறு தாள் கிடையாது. மேடம் கோகிலவாணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாளின் மேல் வரியை விரலால் தொட்டார். தந்தை. அந்த வரி சுத்தமாகக் காலியாக இருந்தது. அது நிரம்பினால் போதும். இன்னும் நேரம் இருக்கிறது.

மணிமொழி தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே ஓடினாள்.

வீரமுத்து கடைக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். பைபாஸில் ஒரு வண்டி இல்லை. வெயில் அவர் முதுகில் அடித்தது. மகள் வந்து பக்கத்தில் நின்றதும் திரும்பாமலே கேட்டார்.

"உனக்குத் தெரியுமா, அந்த வயசு விசியம்?"

"தெரியாதுப்பா. சத்தியமா."

"இருவத்தெட்டு வருசம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மணிமொழிக்குப் பயமாக இருந்தது.

"எப்பா, ஒரே ஒரு கையெழுத்து. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன். அம்மா தேதிய மாத்தி எழுதிடுச்சு. நீ போட்டாத்தான் நான் போவ முடியும்."

அவர் தாளை வாங்கினார். மனைவியின் எழுத்தைப் பார்த்தார். 1966 என்ற எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மை காய்ந்திருந்தது.

"கண்ணக் கட்டிக்கினு வருது" என்றார். "மொதல்ல எதுனா வயித்துல போடணும். அப்பால பாக்கலாம். போயி ஒரு டீயும் ரெண்டு பன்னும் வாங்கியா."

மணிமொழி கடைப்பக்கம் திரும்பினாள்.

"அங்க இல்ல. வேற கடைல."

அவள் ரோட்டைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன.

"வேற கட ஏதுப்பா? எல்லாத்தையும் உன் புள்ளதான மூட வச்சிருக்கான்."

வீரமுத்து பாதி தூக்கியிருந்த அந்த ஒரே ஷட்டரைப் பார்த்தார். தாள் அவர் மடியில் இருந்தது. மணி நாலரை.